அக்கா மகனுக்கு லிம்ஃபோமா, ரிப்போர்ட்டில் வைரஸ் பாசிட்டிவ்: வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றுமா?

கடலோரன்_குளச்சல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனுக்கு 11 வயது. போன மழைக்காலத்தில் கழுத்தில் இடப்பக்கம் நெறி கட்டியது. வலி இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. பல்லில் சொத்தை இருக்கும், தலையில் புண் இருக்கும், அதனால் கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வாரங்கள் போயும் வற்றவில்லை. முதலில் காட்டிய இடத்தில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, அழற்சிதான், டிபியாக இருக்கலாம் என்று மருந்து ஆரம்பித்தார்கள். அந்த மருந்தைத் தின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டி வந்தது, ராத்திரி சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்வை, பையன் மெலிந்துகொண்டே போனான். அப்புறம்தான் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். அங்கே ஒரு கட்டியை முழுசாக எடுத்து பயாப்சி செய்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நெறியில் வரும் ஒருவகைப் புற்றுநோய், அதிலும் மிக்ஸ்டு செல்லுலாரிட்டி வகை என்று வந்தது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘ஈபர் பாசிட்டிவ்’ என்று இருந்தது. எப்ஸ்டீன்-பார் என்று ஒரு வைரஸ், சாதாரண வைரஸ்தான், சிகிச்சை அதேதான், பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னார். வெளியே அத்தனை கூட்டம், அதற்கு மேல் நிற்க வைத்துக் கேட்க எங்களுக்கும் மனசு வரவில்லை.

இப்போது சிக்கல் வீட்டில்தான். வைரஸ் என்ற சொல் சொந்தக்காரர்கள் காதில் விழுந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அக்கா அவன் தட்டையும் டம்ளரையும் தனியாகப் பிரித்து, அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். அவன் தங்கச்சிக்கு 7 வயது, நேற்று வரை இரண்டும் ஒரே தட்டில் மீன்கறி ஊற்றித் தின்ற பிள்ளைகள். அவள் அந்த பாட்டிலைத் தொட்டாலே அடி விழுகிறது. அவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஒன்றும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம் வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தக் கடற்கரைக் கருமணலால் வருவது என்று சிலர்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எல்லாருக்கும் இருக்கிற வைரஸ் என்றால் இவனுக்கு மட்டும் ஏன் இப்படி ஆனது? கூட இருக்கிறவர்களுக்கு வருமா, எல்லாரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? வைரஸைக் கொல்ல மருந்து கொடுத்தால் கட்டி போய்விடாதா? தெரிந்தவர்கள் தெளிவாகச் சொன்னால் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

நுண்ணோக்கி_மார்த்தாண்டம் எழுதியது:

தம்பி, நான் பயாப்சி ஸ்லைடு பார்க்கும் லேபில் வேலை செய்கிறேன், மருத்துவர் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். முதலில் அக்காவிடம் போய் அந்தக் கூடையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் எச்சில் வழியாகத் தொற்றாது, ஒரே தட்டில் தின்பதால் தொற்றாது. வைரஸ் எச்சிலில் பரவும், அது உண்மை. ஆனால் உலகத்தில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே, சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரி வந்துபோய்விடும், அல்லது வந்ததே தெரியாது. அக்காவுக்கும், அத்தானுக்கும், உங்களுக்கும், எனக்கும் அநேகமாக இருக்கும். தங்கச்சிக்கும் எப்போதோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். தட்டைப் பிரித்து அதைத் தடுக்க முடியாது.

சரி, அது உடம்பில் என்ன செய்கிறது? இந்த வைரஸ் ஹெர்பிஸ் குடும்பம், சின்னம்மை வைரஸின் உறவு. ஒருமுறை வந்தால் சாகும்வரை போகாது. தொண்டையில் நுழைந்து, நோய் எதிர்ப்புக்கு ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல் என்ற வெள்ளையணுவுக்குள் குடியேறுகிறது. ஆரம்பத்தில் அந்தச் செல்லை உசுப்பிவிட்டுப் பெருகவைக்கும், காவல் காக்கிற டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு கண்டுபிடித்து அடித்துத் தீர்க்கும். தப்பியவை நினைவு பி செல்களுக்குள் புகுந்து, தன் புரதம் எதையும் வெளியே காட்டாமல் கிடக்கும். ஆரோக்கியமான ஒருவரிடம் பத்து லட்சம் பி செல்லை எடுத்தால் ஒன்று முதல் ஐம்பது வரை இப்படி வைரஸ் ஒளிந்த செல்கள் இருக்கும். ஆயுசு முழுக்க அதனால் ஒரு தொந்தரவும் இராது. கிட்டத்தட்ட எல்லாருடைய கதையும் இதுதான்.

உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். நெறிக்கட்டிக்குள்ளே பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவைத் தாங்களே வெட்டித் திருத்திக்கொள்கிற ஒரு இடம் உண்டு. கிருமியை இன்னும் நன்றாகப் பிடிக்கிற ஆன்டிபாடி செய்வதற்காக இயற்கை வைத்திருக்கிற ஏற்பாடு அது, ஆனால் மரபணுவில் கை வைக்கிற வேலை என்பதால் பிழைகளும் நடக்கும். பிழையாகி, ஆன்டிபாடி செய்ய லாயக்கில்லாமல் போன செல் செத்துப்போக வேண்டும் என்பது சட்டம். உயிரோடு இருக்க அதற்கு இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும்: தன் மேல் பரப்பில் உள்ள ஏற்பி சரியாக வேலை செய்கிறது என்ற சமிக்ஞை ஒன்று, டி செல் வந்து தரும் சமிக்ஞை இன்னொன்று. இந்த வைரஸ் இரண்டுக்கும் கள்ளக் கையெழுத்துப் போடத் தெரிந்தது. எல்.எம்.பி-2ஏ என்ற அதன் புரதம் முதல் சமிக்ஞையை அப்படியே நடிக்கும், எல்.எம்.பி-1 இரண்டாவதை. ஆகவே சாக வேண்டிய செல் சாகாமல் நிற்கிறது. நின்ற செல்லில் மேலும் மேலும் மரபணுக் கோளாறு சேரும்போதுதான் அது புற்றுநோய்ச் செல்லாக மாறுகிறது. இத்தனையும் ஒரே செல்லில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும், அதனால்தான் கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டும். யாரும் எதுவும் செய்து வந்ததல்ல, செய்யாமல் விட்டதாலும் அல்ல. இதை அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள ஈபர் என்பது வைரஸ் தன் செல்லுக்குள் ஏராளமாகச் செய்யும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. அதற்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் கட்டியின் செல்லுக்குள்ளேயே வைரஸ் இருப்பது கண்ணுக்குத் தெரியும். இப்படிப்பட்ட கட்டிகளில் எல்லாப் புற்றுநோய்ச் செல்களிலும் இருப்பது ஒரே வைரஸின் பிரதி, அதாவது கட்டி பெருகத் தொடங்கும் முன்பே அந்த முதல் செல்லில் வைரஸ் இருந்திருக்கிறது. பிறகு வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. மேல்நாடுகளில் ஹாட்ஜ்கினில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இப்படி பாசிட்டிவ், நம் நாட்டில், அதுவும் குழந்தைகளிடம், இன்னும் அதிகம். மிக்ஸ்டு செல்லுலாரிட்டி வகையில் அடிக்கடி பார்ப்பதுதான்.

தக்கலை_வாத்தியார் எழுதியது:

உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேலே உள்ளவர் நன்றாகவே சொல்லிவிட்டார், இது கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ‘இவனுக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்வி அப்போதே எழுந்த ஒன்று.

டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் வேலை பார்த்தார். குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார், அதுவும் ஒருவகை லிம்ஃபோமாதான். பிறகு 1961-ல் ஒரு பழைய காரில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி, எந்த மருத்துவமனையில் இந்தக் கட்டி வருகிறது, எங்கே வரவில்லை என்று வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் உள்ள தாழ்வான பகுதிகளில்தான் வந்தது, குளிர்ந்த மேட்டு நிலத்தில் வரவில்லை. அந்த ஆண்டே லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வரும், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார், ஒன்றும் இராது. இரண்டு ஆண்டுக்கும் மேல் இதே கதை. 1963 கடைசியில் ஒரு விமானம் லண்டனில் பனிமூட்டம் என்று மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. துண்டு வந்து சேரும்போது குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கிருமி விழுந்து கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருக்கலாம். கொட்டாமல் ஒரு துளி எடுத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் கட்டியிலிருந்து பிரிந்து மிதந்த உயிருள்ள செல்கள். இவோன் பார் என்ற பெண் ஆய்வாளரோடு சேர்ந்து அவற்றை வளர்த்தார்கள், அந்தச் செல்லுக்குள் வைரஸ் தெரிந்தது. 1964 மார்ச்சில் லான்செட் இதழில் வெளிவந்தது. கூட இருந்த டிரினிடாட்காரர் பெர்ட் அச்சோங்கின் பெயர் ஏனோ வைரஸின் பெயரில் சேரவில்லை, எனக்கு அது எப்போதும் உறுத்தும். மனிதருக்குப் புற்றுநோய் தரும் வைரஸ்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இது. எப்ஸ்டீன் 2024-ல், 102 வயதில் இறந்தார்.

ஆனால் வைரஸ் எல்லா ஊரிலும் இருக்க, இந்தத் தாடைக் கட்டி மட்டும் ஆப்பிரிக்காவின் அந்தப் பட்டையில் ஏன்? மலேரியா. வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஃபால்சிபாரம் மலேரியா குழந்தையின் பி செல்களை ஓயாமல் தூண்டுகிறது, வைரஸைக் கட்டுப்படுத்தும் டி செல்களைத் தளர்த்துகிறது. செல்கள் அதிகம் பிரியப் பிரிய மரபணுப் பிழையும் கூடுகிறது, 8-ஆம் குரோமோசோமில் உள்ள மிக் என்ற மரபணு இடம் மாறி 14-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டுகிறது, செல் நிறுத்தமின்றிப் பிரிகிறது. வைரஸ் ஒன்று, மலேரியா ஒன்று, மரபணு முறிவு ஒன்று, எல்லாம் ஒரே குழந்தையிடம் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் இந்த வைரஸை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது. அதே பிரிவில் புகையிலையும் உண்டு. காரணம் உறுதி என்று சொல்வது வேறு, வைரஸ் வந்தவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்பது வேறு. சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிறார்கள்.

கருமணல் பற்றி ஒரு வார்த்தை. நம் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடத்தைவிட அதிகம், அந்தக் கவலையை நான் லேசாக எடுக்க மாட்டேன். நம்மைப் போலவே மோனசைட் மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் சுமார் 70 ஆயிரம் பெரியவர்களைப் பத்து ஆண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. பெரியவர்களைப் பற்றிய ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மணலைப் பற்றி நமக்குக் கேள்விகள் இருக்கலாம், ஆனால் இந்தப் பையனின் கட்டிக்குள் கண்ணால் பார்த்தது வைரஸை.

கடலோரன்_குளச்சல் எழுதியது:

சார், அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், அழுதாள், அப்புறம் கூடையை இறக்கிவிட்டாள். பாட்டிலில் கட்டிய துணியை அவனே அவிழ்த்தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். முதலில் ஊசி குத்தி எடுத்தபோதே ஏன் தெரியவில்லை? அதில் போன மாதங்களை நினைத்தால் அத்தானுக்குத் தாங்கவில்லை. அப்புறம் ஒரு உறவினர் குடும்பம் முழுக்க இந்த வைரஸுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார், தொகையும் கம்மி இல்லை, எடுக்கலாமா?

நுண்ணோக்கி_மார்த்தாண்டம் எழுதியது:

ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுநோய்ச் செல் ரொம்பக் குறைவு. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற பெரிய செல்கள், இரண்டு கண் விழித்துப் பார்ப்பதுபோல இருக்கும், அவை மொத்தக் கட்டியில் சுமார் 1 சதவீதம்தான். மீதி அத்தனையும் அவை கூப்பிட்டுச் சேர்த்த சாதாரண அழற்சிச் செல்கள். மெல்லிய ஊசியில் வருவது கொஞ்சம் செல்கள், அதில் அந்த ஒரு சதவீதம் சிக்காமல் போனால் பார்ப்பதற்கு வெறும் அழற்சிதான். நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டினால் டிபியும் ஏராளம் என்பதால் மருத்துவர் மனசு அங்கே போவதும் இயல்பு. அதனால்தான் நான் கேட்கிற எல்லாரிடமும் சொல்வது, வலியில்லாத கட்டி நாலைந்து வாரத்துக்கு மேல் நின்றால், அல்லது டிபி மருந்து தின்னும்போதே புதுக் கட்டி வந்தால், கட்டியை முழுசாக எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டியின் அமைப்பு முழுசாகத் தெரிந்தால்தான் லிம்ஃபோமாவின் வகையை உறுதியாகச் சொல்ல முடியும். அத்தான் தன்னை நொந்துகொள்ள வேண்டாம், ஹாட்ஜ்கின் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற நோய், குழந்தைகளில் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிறார்கள்.

குடும்பத்துக்கு ரத்த டெஸ்ட் வேண்டவே வேண்டாம். ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வரும், என்றைக்கோ வைரஸ் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், யாருக்கு லிம்ஃபோமா வரும் என்று அது சொல்லாது. உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு, மறைக்கவில்லை, ஆனால் அரிதான நோயில் கூடினாலும் அது அரிதுதான். தங்கச்சிக்குக் கட்டி ஏதும் வந்தால் காட்டுங்கள், அவ்வளவு போதும்.

வைரஸ் மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். அசைக்ளோவிர் மாதிரியான மருந்துகள் வைரஸ் பெருகும்போதுதான் வேலை செய்யும். கட்டிக்குள் அது பெருகாமல் ஒளிந்த நிலையில் கிடக்கிறது, செல் பிரியும்போது கூடவே பிரதி எடுக்கப்படுகிறது. அங்கே அந்த மருந்துக்குப் பிடி கிடையாது. கீமோதான் முக்கிய வழி, பாசிட்டிவ் ஆனாலும் நெகட்டிவ் ஆனாலும். தடுப்பூசி இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

கருங்கல்_நர்ஸ் எழுதியது:

நான் வளைகுடாவில் சிறுநீரக மாற்று வார்டில் வேலை செய்கிறேன், ஊர் கருங்கல். டி செல் காவல் இருக்கும்வரை வைரஸ் அடங்கிக் கிடக்கும் என்று மேலே சொன்னதை நான் நேரிலேயே பார்க்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறோம், அதில் டி செல்லும் தளர்கிறது, சிலருக்கு இதே வைரஸ் தலைதூக்கி நெறியிலும் குடலிலும் கட்டியாக வருகிறது. அப்போது மருத்துவர்கள் முதலில் செய்வது அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பது. சிலருக்கு அதிலேயே கட்டி சுருங்கிவிடும், முதல்முறை பார்த்தபோது நம்பவே முடியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா கூடுதலாக வருவதற்கும் இதுதான் ஒரு காரணம்.

தம்பி, அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவனிடமிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது. கீமோ தொடங்கியதும் வெள்ளையணு குறையும், அப்போது உங்களிடமிருந்து அவனுக்கு வருவதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நலம் விசாரிக்க வருகிறேன் என்று வீட்டுக்குள் நுழைய வேண்டாம், மீன் நன்றாக வேகட்டும், கை கழுவுங்கள், அவனுக்கு உடம்பு சுட்டால் ராத்திரியானாலும் காத்திருக்காமல் கொண்டுபோங்கள். ரயிலில்தான் போய்வருவீர்கள் என்றால் புற்றுநோய் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளவங்கோடு_அம்மா எழுதியது:

என் மகளுக்கு 9 வயதில் இதே நோய். இப்போது காலேஜ் போகிறாள். பள்ளிக்கூடத்தில் ‘ஒட்டுவாரொட்டி’ என்று ஒரு தாய் சொல்லிவிட்டாள், பிள்ளை அதற்குப் பிறகு மதியச் சோறு தனியாக உட்கார்ந்துதான் தின்றாள், கீமோவைவிட அதுதான் அவளைப் படுத்தியது. உங்கள் மருமகன் திரும்பப் பள்ளிக்குப் போகும் முன்பு நீங்களே போய் வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள், தொற்றாது என்று டாக்டர் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தம்பி மாதிரி ஒரு மாமன் இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம்.

கடலோரன்_குளச்சல் எழுதியது:

அம்மா, மகள் காலேஜ் போகிறாள் என்பதை வாசித்ததும் அக்கா திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். டீச்சரிடம் கட்டாயம் பேசுகிறேன்.

கருங்கல் அக்கா, ஒன்று அவசரமாகக் கேட்கணும். முதல் கீமோ போன வாரம் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் நேற்று சாயங்காலம் இவனோடு உட்கார்ந்து கேரம் விளையாடினான், இன்று காலை அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. இவனுக்கு முன்பு அம்மை வந்ததில்லை. ஏதும் செய்யணுமா, அடுத்த முறை போகும்போது சொன்னால் போதுமா?

கருங்கல்_நர்ஸ் எழுதியது:

அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே வார்டுக்கு போன் போடுங்கள். கீமோவில் இருக்கிற பிள்ளைக்குச் சின்னம்மை கடுமையாகப் போகும், ஆனால் தொடர்பு ஏற்பட்ட சீக்கிரத்தில் சொன்னால் தடுக்க வழி இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அம்மை போட்ட பையனோடு எப்போது இருந்தான், எவ்வளவு நேரம், முன்பு அம்மை வந்ததா, தடுப்பூசி போட்டதா, கடைசி கீமோ தேதி, இதெல்லாம் கேட்பார்கள், கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஓ.பி.க்குள் நேராகக் கொண்டு போய் மற்ற பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டாம், எங்கே வரணும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேசிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், எனக்கு இன்று இரவு டியூட்டி, முழித்துத்தான் இருப்பேன்.